சேதுபதியின் சுவரில் டச்சுக்காரர்கள்

முத்தையாபுரத்து உப்பளங்களைத் தாண்டி, தூத்துக்குடி வழியாக வேம்பார், சாயல்குடி என்று கடலோரமாகவே வடக்கே போனால் இராமநாதபுரம் வந்துவிடும். அங்குள்ள சேதுபதி அரசர்களின் அரண்மனையில், இராமலிங்க விலாசம் என்னும் மண்டபத்தின் சுவர், தூண், வளைவு, விதானம் எல்லாவற்றிலும் ஓவியங்கள் நிறைந்திருக்கின்றன. கிழவன் சேதுபதி தொடங்கிய அரண்மனை இது. ஓவியங்களை அவருக்குப்பின் வந்த முத்து விஜயரகுநாத சேதுபதியின் காலத்தவை என்பார்கள். அதாவது 18ஆம் நூற்றாண்டின் முதல் காற்பகுதி.

கோயிலின் அமைப்பையே இந்த மண்டபமும் கொண்டிருக்கிறது. மகாமண்டபம், அர்த்தமண்டபம், அதற்கும் உள்ளே கருவறைபோல் ஓர் அறை. இராமாயணமும் பாகவதமும் விரியும் இச்சுவர்களில் அரசரும் இருக்கிறார். அரண்மனைக்குள்ளேயே குடிகொண்ட இராஜராஜேஸ்வரி அம்மன் தன் கையால் அவருக்குச் செங்கோல் தருகிறாள். தஞ்சை மராட்டியருடன் நடந்த போரும் உண்டு.

முத்துக்குளித்த இந்தக் கரையின் வாசகரை அதிகம் கவர்வது வேறொரு காட்சி. தொப்பி அணிந்த ஐரோப்பியர் சேதுபதியைக் காண வந்திருக்கிறார்கள். இவர்களை டச்சுக்காரர்கள் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்கின்றனர். 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக் கம்பெனிக்கு முத்துக்குளிப்பும் துணி வணிகமும் உயிர்நாடி. பாம்பன் நீரிணையோ சேதுபதியின் கையில். கடலில் இரு தரப்பும் இழுபறியாக இருந்த காலத்தில், ஓவியர் அரசரையே சபையின் நாயகராக்கி, கம்பெனிக்காரரை அவரைக் காண வந்தவராக்கினார். நடந்ததன் பதிவு என்பதைவிட, அரண்மனை எழுப்பிய உரிமைக்குரல் என்றே இதைக் கொள்ள வேண்டும்.

திருப்புடைமருதூர்க் கோயில் கோபுரத்தின் உள்ளறை ஓவியங்களிலும் குதிரைகளை ஏற்றிவந்த கப்பல் உண்டு. கடல் வணிகம் கோயில் ஓவியத்துக்கும் அந்நியமல்ல.

இராமநாதபுரத்துக்குப் பத்மநாபபுரம் அரண்மனை நேர்மாறானது. உப்பரிகை மாளிகையின் உச்சித் தளம் பத்மநாப சுவாமிக்கென்றே ஒதுக்கிய வழிபாட்டறை. மாளிகையைக் கட்டிய அரசர் மார்த்தாண்ட வர்மா 1741இல் குளச்சலில் டச்சுப்படையையே முறியடித்தவர். ஆனாலும் அந்த அறையின் சுவர்களை நிறைப்பவை கடவுளர் உருவங்களே. 1750இல் நாட்டையே பத்மநாபருக்கு ஒப்படைத்து, அவருடைய தாசனாக ஆட்சி செய்தவரின் அறை வேறெப்படி இருக்கும்?

பிற்காலத் தமிழகச் சுவரோவியங்களில் பெரும்பாலானவை உலர்ந்த சுண்ணாம்புக் காரையின்மேல் தீட்டியவை. வண்ணம் காரைக்குள் இறங்காமல் மெல்லிய படலமாக மேலேயே நிற்கும். சுவரில் ஈரம் ஏறி உப்புப் பூத்தால் அந்தப் படலம் பொருக்காக உதிரும். கூரை ஒழுகினால் முதலில் அழிவது விதானம். உப்பு சுவரை என்ன செய்யும் என்று இந்தக் கரையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இராமலிங்க விலாசம் இன்று தமிழ்நாடு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. இத்தகைய கட்டடங்களில் ஒரு விரிசலை அடைக்கக்கூட சிமென்டைத் தொடக்கூடாது. அது ஈரத்தை வெளியேறவிடாமல் ஓவியத்தின் பக்கமே தள்ளிவிடும். பழைய சுண்ணாம்புக் காரையும் அதை அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனாருமே அங்கு வேண்டும்.