பயிற்சிக் கணக்கின் மொழி: ஒரு திறனாய்வு நோக்கு

தமிழ்ச் சிறுவர் தம் ஆரம்பப் பாடசாலைப் பருவத்தில் வாசிக்கும் கதைகளிலும் பார்க்க, அவர்கள் வாசிக்கும் பயிற்சிக் கணக்குகள் தொகையிற் பலவாகும். நாட்டார் பாடல், பழமொழி, விடுகதை, குழந்தைப் பாடல் ஆகியன திறனாய்வின் எல்லைக்குள் வந்துவிட்ட பின்னரும், விடுகதைக்கு மிக நெருங்கிய உறவினதாகிய பயிற்சிக் கணக்கு அவ்வெல்லைக்கு வெளியிலேயே நிற்கின்றது. அதுவும் ஒரு பனுவலே. அதற்கெனப் பாத்திரங்கள் உண்டு, நிகழ்ச்சிகள் உண்டு, இறுக்கமான மரபுகளும் உண்டு. ஒருவர் முப்பது மாம்பழம் வாங்குவார். ஏன் வாங்கினார் என்று எவரும் கேட்பதில்லை. ஒரு குழாய் தொட்டியை நிரப்பிக்கொண்டிருக்க மற்றொன்று அதனை வெறுமையாக்கிக்கொண்டிருக்கும், அதை மூடுவாரில்லை. இம்மரபுகளைக் குறை கூறுதல் எளிது. அதனாற் பெரும் பயனுமில்லை. இப்பனுவல் தன் வாசகனை எத்தகைய வாசிப்புக்குப் பழக்குகின்றது என்பதே கேட்கத்தக்க வினாவாகும்.

சமன்பாடு, சமனிலி, நிகழ்தகவு என்னும் மூன்றும் அறியப்படாத ஒன்றைப் பற்றிப் பேசும் மூன்று முறைகளாகும். 'இதுவே' என்பது முதலாவது. 'இதற்குக் குறையாது, அதற்கு மேற்படாது' என்பது இரண்டாவது. 'இவ்வளவுக்கு எதிர்பார்க்கலாம்' என்பது மூன்றாவது. ஐரோப்பாவில் இவை தத்தம் வழியில் வளர்ந்தவை. 'சமன்' என்று திரும்பத் திரும்ப எழுதும் சலிப்பைத் தவிர்க்க, வேல்ஸ் நாட்டினரான றொபேட் றெக்கோட் 1557 இல் இரு சமாந்தரக் கோடுகளைக் குறியீடாக்கினார். பெரிது, சிறிது என்பவற்றுக்கு இன்று வழங்கும் குறியீடுகள், தோமஸ் ஹரியட் இறந்து பத்தாண்டுகள் கழிந்தபின் 1631 இல் வெளிவந்த அவரது நூலிலே அச்சேறின. நிகழ்தகவுக் கணிதமோ, இடையில் நின்றுபோன சூதாட்டத்தின் பந்தயப் பணத்தைப் பங்கிடுவது குறித்துப் பஸ்காலும் பெர்மாவும் 1654 இல் எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்து வளர்ந்தது. பாடசாலைப் பயிற்சிகளை நோக்குமிடத்து, இம்மூன்றும் ஒரே குரலிற் பேசக் காணலாம். அது சமன்பாட்டின் குரல்கூட அன்று. 'விடையை எழுது' என்னும் கட்டளையின் குரல்.

இக்குரல் புதியதன்று என்பதை உணரக் கணக்கதிகாரம் உதவும். காரி நாயனார் இயற்றிய அந்நூல், பலாப்பழத்தை அறுக்காமலே சுளைத்தொகையை அறியும் வழியொன்றைக் கூறுகின்றது. காம்பருகே உள்ள சிறு முட்களை எண்ணி, ஆறாற் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும்; வேறு எண்ணிக்கை வேண்டா என்று செய்யுள் முடிகின்றது. முட்கள் 50 எனின் சுளைகள் 60. செய்யுளின் சுருக்கமும் நினைவிற் பதியும் ஓசையும் போற்றத்தக்கவை. ஆயினும் அது கூறுவது ஒரு சமன்பாடு. பலாப்பழமோ சமன்பாட்டுக்கு அடங்குவதன்று. பலாவில் மகரந்தச் சேர்க்கை பெற்று வளர்ந்த பூக்களே சுளைகளாகின்றன. ஏனையவை சுளைகளுக்கிடையே வெறுந் தும்பாய்க் கிடக்கின்றன. எத்தனை பூக்கள் அவ்வாறு தப்பின என்பதைக் காம்படியிலுள்ள முட்கள் அறியா. எனவே அச்சூத்திரம் தரக்கூடியது ஒரு மதிப்பீடே. பழத்தை முழுதாக விலைபேசுவோருக்கு அம்மதிப்பீடு போதுமானதாக இருந்திருக்கலாம். மனனஞ் செய்யும் கல்விக்கு ஐயமற்ற முடிவும் தேவைப்பட்டிருக்கலாம். ஆகவே ஆசிரியர்மீது குற்றம் சுமத்துவதற்கில்லை. ஆனால் அதே செய்யுளை இன்று வகுப்பறையில் வியந்து பாடி நிறுத்திவிடுவோர், ஓர் அரிய பயிற்சியைக் கைநழுவ விடுகின்றனர். பத்துப் பழங்களை அறுத்து எண்ணினால், சூத்திரம் கூறிய தொகைக்கும் கண்ட தொகைக்கும் உள்ள வேறுபாடு ஐந்துக்கு மேற்படாதவை எத்தனை என்று கேட்கலாம். அந்த ஒரு வினாவிலே சமன்பாடும் சமனிலியும் நிகழ்தகவும் ஒருங்கே வந்துவிடுகின்றன. வேறு எண்ணிக்கை வேண்டா என்ற இடத்திலேதான் கணிதம் தொடங்குகின்றது.

சமக் குறியீட்டின் கதி தனித்து நோக்கத்தக்கது. 1999 இல் ஐக்கிய அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை, 6 ஆம் வகுப்பு மாணவர் 145 பேருக்குக் கொடுக்கப்பட்ட கணக்கொன்றைப் பேசுகின்றது. 8 + 4 = □ + 5 என்பதே அது. பெட்டிக்குள் வரவேண்டியது 7. அவர்கள் அனைவரும் 12 அல்லது 17 என்றே விடையளித்தனர். கூட்டத் தெரியாமை இதற்குக் காரணமன்று. இது ஒரு வாசிப்புப் பிழை. இலக்கண நோக்கிற் கூறுவதாயின், கூற்று வாக்கியத்தை ஏவலாகப் படித்த பிழை. இலங்கை வகுப்பறைகளில் 'எட்டுச் சக நாலு சமன்' என்று ஆசிரியர் குரலை உயர்த்தி நிறுத்த, 'பன்னிரண்டு' என்று பிள்ளைகள் ஒருமித்து முடிப்பது பழகிய காட்சி. அங்கே 'சமன்' என்பது இரு பக்கங்களையும் பற்றிய செய்தியாக அன்றி, வாயைத் திறப்பதற்கான சைகையாக ஒலிக்கின்றது. வெற்றிடம் எப்பொழுதும் வலக்கைப் பக்கத்திலேயே வரும் பயிற்சிகள் இப்பழக்கத்தை உறுதிப்படுத்துகின்றன. 12 = 8 + 4 என்று எழுதிக் காட்டினால் அது தலைகீழாக இருப்பதாகப் பிள்ளை முறையிடுவது வியப்பன்று.

சமனிலி இதனினும் வறிய நிலையில் உள்ளது. பெரிய எண்ணை விழுங்க வாய் திறக்கும் முதலையாக அக்குறியீடு அறிமுகமாகின்றது. முதலையோடு அதன் கதையும் முடிந்துவிடுகின்றது. ஆனால் அன்றாட வாழ்வின் கணக்குகளிற் பல சமனிலிகளே. ஐக்கிய அமெரிக்காவின் தேசியக் கணிப்பீடொன்றில் 13 வயது மாணவரிடம் கேட்கப்பட்ட வினா பெரிதும் பேசப்பட்டது. ஒரு பேருந்தில் 36 படைவீரர் செல்லலாம். 1128 வீரரை ஏற்றிச்செல்ல எத்தனை பேருந்துகள் தேவை என்பது வினா. பிரித்தலைச் சரியாகச் செய்தோர் 70 வீதமளவினர். எனினும் 32 என்று எழுதியோர் 23 வீதத்தினரே. 29 வீதத்தினர் '31, மீதி 12' என்றனர். 18 வீதத்தினர் 31 என்றனர். மீதிப் பன்னிரு வீரரும் தெருவோரத்தில் நிற்பதைப் பற்றி எவருக்கும் கவலையில்லை. வினாவின் உள்ளே 'குறைந்தது' என்ற சொல் மறைந்து கிடக்கின்றது. அதைக் கண்டெடுப்பதே அக்கணக்கு. பிரித்தல் வெறும் கைவேலை.

பிரான்சில் 1980 அளவில் நடைபெற்ற பரிசோதனை மேலும் கசப்பானது. ஒரு கப்பலில் 26 செம்மறிகளும் 10 வெள்ளாடுகளும் உள்ளன. கப்பற்றலைவனின் வயது யாது என்று ஆரம்ப வகுப்புப் பிள்ளைகள் 97 பேரிடம் கேட்கப்பட்டது. 76 பேர் அவ்வெண்களைக் கொண்டே விடை கண்டனர். இதைக் கேட்டுச் சிரிப்போர் பிள்ளைகளைத் தவறாக விளங்கிக்கொள்கின்றனர். அவர்கள் இப்பனுவலின் மரபுகளை நன்கறிந்த வாசகர்கள்: தரப்பட்ட எண்கள் யாவும் பயன்பட வேண்டும், விடை உண்டு, ஆசிரியர் பொய் சொல்லார். மரபு அவ்வாறிருக்க, 'இதிலிருந்து அறிய முடியாது' என்பதை ஒரு விடையாக எழுதும் துணிவு அவர்களுக்கு எங்கிருந்து வரும்?

கதைக்கும் கணக்குக்கும் எப்பொழுதும் இத்தகைய பகை இருந்ததாகவும் கொள்ளவியலாது. 1150 அளவில் பாஸ்கரர் இயற்றிய லீலாவதியில் வரும் தேனீக் கணக்கை ஒப்புநோக்கலாம். கூட்டத்தில் ஐந்திலொரு பங்கு ஒரு மலருக்கும் மூன்றிலொரு பங்கு மற்றொன்றுக்கும், அவ்விரண்டின் வேறுபாட்டைப்போல் மும்மடங்கு பிறிதொன்றுக்கும் போகின்றன. ஒரு தேனீ மட்டும் வானில் அலைகின்றது. பதினைந்து பங்கில் 3, 5, 6 எனப் பதினான்கு போய்விட, எஞ்சிய ஒரு பங்கே அத்தனித் தேனீ. ஆகவே கூட்டம் 15. இங்கே அந்த ஒற்றைத் தேனீ கவிதைக்கும் மையம், கணக்குக்கும் திறவுகோல். கதையை உதறிவிட்டு எண்களை மட்டும் பொறுக்குபவன் இக்கணக்கைச் செய்ய மாட்டான்.

நிகழ்தகவு பாடசாலைக்கு வந்தபோது புதிய காற்று வரும் என்று எதிர்பார்க்கப்பட்டிருக்கலாம். ஆனால் அதன் பயிற்சிகள் பின்னக் கணக்காகவே சுருங்கின. பைக்குள் 3 சிவப்புப் பந்துகளும் 2 நீலப் பந்துகளும் உண்டு. பிள்ளை ஐந்தின்கீழ் மூன்று என்று எழுதுகின்றது. பைக்குள் கையை விடுவதேயில்லை. நாணயத்தை இருமுறை எறிய ஒருமுறையாவது தலை விழும் நிகழ்தகவு 3/4 ஆக இருக்க, 2/3 என்று 1754 இல் எழுதியவர் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தின் பதிப்பாசிரியருள் ஒருவரான தலம்பேர். அத்தகைய அறிஞரே வழுக்கிய இடத்தைப் பிள்ளை ஒரு வரிச் சூத்திரத்தாற் கடந்துவிடுகின்றது. கடந்ததை அது உணர்வதுமில்லை. கோடாத தாயக்கட்டையை 60 முறை உருட்டினால் ஆறு எத்தனை முறை விழும் என்ற வினாவுக்கு 10 என்பதே புத்தகத்தின் பின்பக்க விடை. உண்மையில் உருட்டிப் பார்ப்போருக்குச் சரியாகப் பத்து முறை விழும் நிகழ்தகவு ஏழிலொன்றுக்கும் சற்றுக் குறைவு. உருட்டிப் பார்த்த பிள்ளை பெரும்பாலும் பிழையான விடையையே எழுத நேரும்!

இவ்விடத்திற் சோகியை நினைத்தல் தகும். தாயம் ஆடும் வீடுகளில் வளர்ந்த பிள்ளைக்கு, ஆறு சோகிகளை எறிந்தால் எல்லாம் ஒருங்கே மல்லாந்து விழுதல் அரிது என்பது தெரியும். ஒரு சோகி மல்லாந்தும் கவிழ்ந்தும் விழும் வாய்ப்புகள் சமமானவை என்று முன்கூட்டிக் கூற எவராலும் இயலாது. அது வடிவில் நாணயத்தைப் போன்றதன்று. நூறு முறை எறிந்து குறித்துப் பார்த்தலே வழி. சமவாய்ப்பு என்பது இயற்கை தந்த வரமன்று, ஓர் எடுகோள் என்பதை உணர்த்த இதனிலும் மலிவான கருவி கிடையாது.

பயிற்சியே வேண்டாம் என்பது இவ்வாதத்தின் கருத்தன்று. எண்சுவடியை மனனஞ் செய்த தலைமுறையினரின் கணக்கு விரைவை இகழ்வோர், தாம் கடையில் மீதிக் காசு எண்ணும் வேகத்தை அதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். குறை பயிற்சியின் மிகுதியிலன்றி அதன் மொழியில் உள்ளது. 'குறைந்தது', 'மிகாமல்', 'ஏறக்குறைய', 'பெரும்பாலும்', 'ஒருவேளை' எனத் தமிழில் நிச்சயத்தின் படிகளைக் குறிக்கும் சொற்கள் நிறைய உண்டு. 'மழை வந்தாலும் வரும்' என்று வீட்டில் இயல்பாகச் சொல்லும் பிள்ளை, பயிற்சிப் புத்தகத்தில் 'எத்தனை?', 'யாது?', 'காண்க' என்னும் மூன்றையுமே திரும்பத் திரும்பச் சந்திக்கின்றது.

இதற்குப் பொருளியற் காரணமும் உண்டு. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையை நோக்கி அச்சிடப்படும் மாதிரி வினாத்தாள்கள் ஒற்றை எண் விடைகளையே விரும்புகின்றன. ஆயிரக்கணக்கான விடைத்தாள்களைத் திருத்துபவர் ஒரு வாக்கியத்தைப் படித்து எடைபோட அவகாசமில்லை. 'ஏழுக்கும் பதின்மூன்றுக்கும் இடையில் விழக்கூடும். நான் எறிந்தபோது ஒன்பது விழுந்தது' என்று எழுதும் பிள்ளைக்குப் புள்ளியிட வேண்டுமாயின், அவ்வாக்கியத்தின் பொருளையும் அதன் 'கூடும்' என்ற சொல்லின் பொறுப்பையும் ஒருவர் வாசித்தாக வேண்டும். அது மொழியாசிரியரின் வேலை என்று கணித ஆசிரியர் ஒதுங்குதல் மேல்வகுப்புகளில் நடக்கலாம். ஆரம்ப வகுப்புகளில் தமிழையும் கணிதத்தையும் பெரும்பாலும் ஒரே வகுப்பாசிரியரே கற்பிக்கின்றார். இரு கொப்பிகளையும் திருத்துபவரும் அவரே.