நூறாவது குரங்குக்கு வவுச்சர் எங்கே?

நண்பர் வற்புறுத்தி ஒரு சுயமுன்னேற்ற வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே பேசியவர் ஒரு குரங்குக் கதை சொன்னார். கைத்தட்டல் அடங்கவே நேரமாச்சு.

ஜப்பானில் கோஷிமா என்று ஒரு குட்டித் தீவு. அங்கே ஒரு குரங்கு, மணல் ஒட்டிய சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தண்ணீரில் அலசித் தின்னப் பழகியது. அதைப் பார்த்து மற்றவையும் கற்றன. நூறாவது குரங்கு கற்றுக்கொண்ட அன்று மாலைக்குள் கிட்டத்தட்ட மொத்தக் கூட்டமும் அலச ஆரம்பித்துவிட்டதாம். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த குரங்குகளும்தான்! போதுமான பேர் மாறினால் உலகமே தானாக மாறிவிடும் என்பது நீதி.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் படித்தது பி.காம். வவுச்சர் இல்லாத தொகையைப் பார்த்தால் தூக்கம் வராது.

கதை வந்தது, லயால் வாட்சன் 1979-ல் எழுதிய 'லைஃப்டைட்' புத்தகத்திலிருந்து. 1982-ல் கென் கீஸ் என்பவர் அணு ஆயுதத்துக்கு எதிராக ஒரு புத்தகம் எழுதி, நூறாவது குரங்கையே தலைப்பாக வைத்தார். கதை ஊரெல்லாம் பரவியது. வாட்சன் ஆதாரமாக ஜப்பானிய ஆய்வுக் கட்டுரைகளைக் காட்டியிருந்தார். ஹவாய் பல்கலைக்கழகத் தத்துவப் பேராசிரியர் ரான் அமண்ட்சன் அவற்றை எடுத்துப் படித்துப் பார்த்தார். அவ்வளவுதான் செய்தார். 1985-ல் குட்டு உடைந்தது.

நிஜத்தில் 1953-ல் கிழங்கை முதலில் அலசியது இமோ என்ற ஒன்றரை வயதுப் பெண் குரங்கு. ஐந்து வருஷம் கழித்து இளவட்டங்கள் 19-ல் 15 அலசின. பெரிசுகள் 11-ல் இரண்டே இரண்டு! 1962-ல்கூட அந்தக் கூட்டத்தில் மொத்தமே 59 குரங்குகள். நூறாவது எங்கிருந்து வந்தது? அந்த அற்புத மாலையும் பதிவில் இல்லை. தோழிக்குத் தோழி, அம்மாவிடமிருந்து பிள்ளை என்று ஆமை வேகத்தில்தான் பழக்கம் பரவியிருக்கிறது. கடைசியில் வாட்சனே, அது தான் உண்டாக்கிய உருவகம் என்று ஒப்புக்கொண்டார்.

"உருவகத்துக்கு எதுக்கு சார் ஆதாரம்?" என்றார் நண்பர். உருவகம் என்று சொல்லி விற்றால் எனக்குத் தகராறு இல்லை. விஞ்ஞானம் என்று பில் போட்டால் சரக்கைப் பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

இமோ கணக்கையே விஞ்ஞானிகள் சும்மா விடவில்லை. ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றதா, அல்லது ஒவ்வொன்றும் தானே கண்டுபிடித்ததா என்று கேட்டார்கள். அந்த மாதிரிக் கேள்விக்கு சோதனை செய்தால்தான் பதில் கிடைக்கும். தென்னாப்பிரிக்காவில் வெர்வெட் என்ற வகைக் குரங்குகளிடம் செய்த சோதனை 2013-ல் வெளியானது. நீலம், இளஞ்சிவப்பு என்று இரண்டு நிற மக்காச்சோளம். ஒரு கூட்டத்துக்கு நீலத்தில் கசப்பு, இன்னொரு கூட்டத்துக்கு இளஞ்சிவப்பில். கசப்பை எடுத்த பிறகும் குட்டிகள் அம்மா தின்ற நிறத்தையே தின்றன. கூட்டம் மாறிப் போன ஆண் குரங்குகளோ, கிட்டத்தட்ட எல்லாமே, போன இடத்து நிறத்துக்குத் தாவிவிட்டன. புகுந்த வீட்டுச் சமையல் மாதிரி! இதற்கு வவுச்சர் இருக்கிறது.

இதில் நமக்கென்ன என்கிறீர்களா? எதுவும் தானாகப் பரவும் என்று நம்பினால், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டாம் என்று தோன்றிவிடும். கோஷிமாவில் அப்படி நடக்கவில்லை. ஒரு குட்டி அம்மா பக்கத்திலேயே தண்ணீரில் நின்றது. அந்த நிஜக் கதைக்கு யாரும் கை தட்டவில்லை.

வகுப்புக் கட்டணத்துக்கு மட்டும் ஒழுங்காக ரசீது கொடுத்தார்கள்.