ஆலையின் சுவரும் ஆள்களின் பெயரும்

பழைய கட்டடம் ஒன்றைப் புதிய பணிக்கு ஆக்குவது, பழைய நூல் ஒன்றைப் புதிய பதிப்பாக வெளியிடுவதை ஒக்கும். எழுத்துக் கெடாமல் காப்பது பதிப்பாசிரியரின் முதற் கடமை. ஆனால், பாடியவர் யார், பாடப்பட்டவர் யார் என்னும் குறிப்புகளை அவர் விட்டுவிட்டால், பாட்டு கையிலிருந்தும் பொருள் பாதியே கிட்டும். கட்டடப் பாதுகாப்பைப் போற்றி எழுதுவோர் சுவரையும் தூணையும் கூரையையும் வியந்து நின்றுவிடுகின்றனர். அச்சுவர்களுக்குள் உழைத்தவர் யாவர் என்னும் வினாவை எழுப்புவோர் சிலரே.

இத்துறையில் எடுத்துக்காட்டாகக் காட்டப்படுவது இங்கிலாந்து நாட்டு யார்க்சயர் வட்டாரத்திலுள்ள சால்ட்டேர். டைட்டஸ் சால்ட் என்னும் முதலாளி 1853இல் அங்குப் பெரியதொரு கம்பளி ஆலையைத் திறந்தார். தென்னமெரிக்க விலங்காகிய அல்பாக்காவின் மயிரை நூற்று நெய்து பொருளீட்டியவர் அவர். ஆலையைச் சூழத் தொழிலாளர்க்கு வீடுகளும் பள்ளியும் மருத்துவமனையும் வழிபாட்டிடமும் அமைத்தார். மதுக்கடைக்கு மட்டும் இடந்தரவில்லை. 1986இல் ஆலை மூடப்பட்டது. மறு ஆண்டே ஜொனதன் சில்வர் என்பவர் அதனை வாங்கி, டேவிட் ஹாக்னியின் ஓவியங்களுக்குக் கூடமாக்கினார். புத்தகக் கடையும் உணவகமும் உடன் வந்தன. 2001இல் அவ்வூர் உலக மரபுச் சின்னமாயிற்று.

இடிபட வேண்டிய ஆலை எழிலோடு நிற்பது பாராட்டுக்குரியதே. எனினும் அவ்வூர்த் தெருப் பெயர்களை உற்று நோக்குக. அவற்றுள் பல, சால்ட்டின் மனைவி மக்கள் பெயர்கள். தெருக்களைச் சுற்றி வருபவர் முதலாளியின் குடும்பத்தை ஏறத்தாழ முழுமையாக அறிந்துகொள்வார். தறியின்முன் நின்றவர்களுக்கு அப்பேறு வாய்க்கவில்லை.

தமிழர் உழைத்த ஆலைகளின் கதை இதனினும் இரங்கத்தக்கது. 1884இல் தோன்றிய பெங்களூர்க் கம்பளி, பருத்தி, பட்டு ஆலை பின்னி நிறுவனத்தின் பொறுப்பில் வளர்ந்தது. தமிழர் பலர்க்குச் சோறிட்ட அவ்வாலை நின்ற நிலத்தில் இன்று அடுக்குமாடி வீடுகளும் வணிக வளாகமும் நிற்கின்றன. பின்னிப்பேட்டை என்னும் ஊர்ப் பெயரில் முதலாளியின் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதே நிறுவனத்தின் பக்கிங்காம் கர்நாடிக் பருத்தி ஆலை, படைவீரர்க்குக் காக்கித் துணி நெய்து பெயர் பெற்றது. சென்னைப் பெரம்பூரில் நின்ற அவ்வாலை 1996இல் மூடப்பட்டது. வெறுமையான அதன் கூடங்கள் பல்லாண்டுகள் திரைப்படச் சண்டைக் காட்சிகளுக்குக் களமாயின. உண்மைப் போராட்டம் நிகழ்ந்த இடத்தில் போலிச் சண்டை நடந்ததைக் காலத்தின் கேலி என்பதா, வேறென் என்பதா!

ஆயினும் பெரம்பூர் ஆலைக்கு ஒரு பேறு உண்டு. அஃது ஏட்டில் ஏறியது. அங்கு நண்பகல் உணவுக்குக் கிடைத்த இடைவேளை அரைமணி நேரம். இத்தகைய குறைகளே 1918 ஏப்பிரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றக் காரணமாயின. செல்வபதி செட்டியாரும் இராமாநுசலு நாயுடுவும் முயன்றனர், வாடியா தலைமை ஏற்றார், திரு.வி.க. தோள்கொடுத்தார். 1944இல் வெளிவந்த திரு.வி.க.வின் வாழ்க்கைக் குறிப்புகளில் அத்தொழிலாளர் இயக்கம் இடம்பெற்றுள்ளது. தமிழ் உரைநடைக்கு அந்நூல் அணிகலன் என்பதில் ஐயமில்லை. ஆயினும் திறனாய்வாளர் ஒன்றை மறைத்தல் கூடாது. அது மேடையில் நின்ற தலைவரின் நூல். கீழே அமர்ந்து கேட்டவரின் நூலன்று. 1921ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் தொழிலாளரைச் சாதியால் பிளந்தபோது, பிளவின் இரு பக்கத்திலும் நின்ற நெசவாளர் எழுதிவைத்திருந்தால் அவை வேறு நூல்களாக அமைந்திருக்கும்.

இந்நோக்கோடு பினாங்கிற்கு வருவோம். இங்குக் கம்பளி ஆலை இருந்ததில்லை. வெப்பநாட்டுத் துறைமுகத்திற்கு அதனால் பயனுமில்லை. மாற்றுப் பணி ஏற்ற கட்டடங்களோ பல. ஜாலான் குருத்துவாராவில் 1947இல் எழுந்த ஹின் பேருந்து டிப்போ 1999இல் பணி ஓய்ந்து பாழ்பட்டுக் கிடந்தது. 2014இல் ஓவியக் கண்காட்சியோடு அது கலைக்கூடமாகத் திறக்கப்பட்டது. பழைய பெயரை நீக்காமல் வைத்துக்கொண்டமை அதன் சிறப்பு. ஓவியம் காண வரும் இளைஞர், 'டிப்போ என்றால் என்ன?' என்றாவது கேட்பர். கேள்வி பிறந்தால் விடை தேடப்படும்.

கடற்கரைப் பண்டசாலைகளுக்கு அவ்வளவு நற்பேறு இல்லை. 1969இல் பினாங்கு தீர்வையற்ற துறைமுகம் என்னும் உரிமையை இழந்தது. சரக்குப் போக்குவரத்தும் மெல்ல மெல்லப் பட்டர்வொர்த் கரைக்கு மாறியது. வாடகைக் கட்டுப்பாடு 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் முடிவுற்றபின், பழைய நகரின் குடியிருப்பாளர் பலர் வீடுகளை விட்டு வெளியேறினர். 2008இல் உலக மரபுத் தகுதி வந்தது. அப்போது, அந்த மரபை வாழ்ந்து காட்டியவருள் பலர் அங்கில்லை. பண்டசாலைகள் சில விடுதிகளாகவும் உணவகங்களாகவும் மாறின. செங்கல்லின் வயதைப் பலகையில் எழுதுவோர், அச்செங்கல்லின் நிழலில் மூட்டை சுமந்தவரின் கூலியை எழுதுவதில்லை.

வியப்பு யாதெனில், கட்டடம் இழந்ததைச் சொல் இழக்கவில்லை. மலாய்மொழியில் பண்டசாலைக்குக் 'குடாங்' என்று பெயர். அதன் மூலம் தென்னிந்தியச் சொல்லே என்றும், தமிழ்க் 'கிடங்கு' அதன் உறவு என்றும் அறிஞர் பலர் கருதுவர். பினாங்குத் தெருவில் நகரத்தார் கொடுக்கல் வாங்கல் செய்த இடங்களைக் 'கிட்டங்கி' என்றே வழங்கினர். கிங் தெருவைத் தமிழர் 'படகுக்காரத் தெரு' என்றனர். அரசர் பெயரைப் பலகையில் வைத்தது ஆட்சி. உழைப்பவர் பெயரை வாயில் வைத்தது மக்கள் வழக்கு. சால்ட்டேரில் நிகழாதது இங்கு நிகழ்ந்திருக்கிறது! எந்தப் பாதுகாப்புத் திட்டமும் இப்பெயரைத் தரவில்லை. கப்பலுக்கும் கரைக்குமிடையே தொங்கான் ஓட்டியவரும் அவர்தம் உற்றாருமே தந்தனர். அருகில் குயின் தெரு மகாமாரியம்மன் கோயில் 1833 முதல் கோயிலாகவே நிற்கிறது. பணி மாறாத கட்டடத்திற்கு விளக்கப் பலகை மிகுதியும் வேண்டுவதில்லை.

மலேசியத் தமிழ் இலக்கியம் தோட்டத்தை நிரம்பப் பாடியுள்ளது. பால்மரமும் லயத்து வீடும் வாராத கதைத் தொகுதி அரிது. துறைமுகத்திற்கோ அத்தகைய எழுத்துச் செல்வம் அமையவில்லை. தோட்டத்தில் பள்ளி இருந்தது, எழுதுவோர் உருவாயினர் என்று காரணம் கூறலாம். ஆனால் நகரிலும் பள்ளிகள் இருந்தனவே. குறை பள்ளியில் இல்லை. நம் கட்டுரைப் பயிற்சியில் உள்ளது. 'நான் ஒரு பேனா' என்று ஆண்டுதோறும் எழுதச் சொல்கிறோம். 'என் பாட்டனார் எந்தக் கிட்டங்கியில், எந்தத் தண்டலின் கீழ் வேலை செய்தார்?' என்று எழுதச் சொல்வதில்லை.

பினாங்கு மாணவர்க்கு இத்தலைப்பை அடுத்த விடுமுறைக்கே கொடுக்கலாம். மூட்டையின் எடை, நாட்கூலி, தண்டலின் பெயர் ஆகிய மூன்றும் கட்டுரையில் இருந்தால் போதும். எழுத்துப் பிழையைத் திருத்துவது ஆசிரியர் வேலை. நடையழகு பிறகு வரட்டும்.