நான்கு பவுண்டு

2025 செப்டம்பர் 14-ஆம் தேதி, ஜப்பானின் நகோயா நகரில், ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கம் பெற்ற உஸ்பெகிஸ்தான் வீரர் முரோத்ஜோன் அக்மதாலியேவைப் பன்னிரண்டு சுற்றுகளும் எதிர்த்து நின்று, மதிப்பெண் நடுவர் மூவரின் ஏகமனதான தீர்ப்பால் ஜயம் பெற்ற நவோயா இனோவேயைப் பார்த்தவர்களுக்கு, 'ராட்சதன்' என்று பெயர் வாங்கிய இந்த மனிதரிடம் இத்தனை நிதானம் எங்கே ஒளிந்திருந்தது என்ற ஆச்சரியம் நிச்சயம் ஏற்பட்டிருக்கும். எதிராளியை அடித்து வீழ்த்துவதையே வழக்கமாகக் கொண்டவர் அன்று அளந்து குத்தினார். குத்திய கையோடு விலகினார். அக்மதாலியேவின் இடக்கை பாய்ந்து வரும் பாதையில் நிற்காமலே காலத்தைக் கடத்தினார். அந்த ஆரவாரம் அடங்குவதற்குள் பழைய கேள்வி மறுபடியும் தலையெடுத்தது. 122 பவுண்டு சூப்பர் பாண்டம்வெயிட் பிரிவின் நான்கு பட்டங்களையும் 2023 டிசம்பரிலேயே தம் வசமாக்கிக்கொண்ட ஒருவர், 126 பவுண்டு ஃபெதர்வெயிட்டுக்கு ஏறிவிட வேண்டியதுதானே, இன்னும் என்ன தயக்கம் என்கிறார்கள் ரசிகர்கள்.

ஏற வேண்டாம் என்பது என் கட்சி.

ஏறச் சொல்பவர்களின் வாதத்தை நான் அலட்சியமாக எண்ணவில்லை. இனோவே ஏற்கெனவே மூன்று முறை ஏறியவர். மூன்று முறையும் அவர் செய்தது சரி என்று முடிவுகள் சாட்சி சொல்கின்றன. 2014 ஏப்ரலில், தமது ஆறாவது தொழில்முறைப் பந்தயத்திலேயே, 108 பவுண்டு லைட் ஃப்ளைவெயிட் பட்டத்தை மெக்சிகோவின் அட்ரியான் எர்னாண்டெஸிடமிருந்து பறித்த அந்த இருபது வயது இளைஞரின் காலில், போட்டியின் நடுவிலேயே தசைப்பிடிப்பு ஏற்பட்டது; வளர்கின்ற சரீரத்தைப் பட்டினி போட்டுச் சிறிய கூண்டுக்குள் அடைத்ததன் விளைவு அது. அதே ஆண்டு டிசம்பரில், இடையிலிருந்த பிரிவைத் தொடாமலே தாண்டி 115 பவுண்டுக்குப் போனார்; அதுவரை யாராலும் கீழே விழாத ஒமர் நர்வாயெஸை இரண்டே சுற்றுகளில் நான்கு முறை வீழ்த்தினார். அந்தக் குத்துகளின் வேகத்தில் தம் வலக்கையைத் தாமே காயப்படுத்திக்கொண்டு ஏறக்குறைய ஓராண்டு காலம் மேடை ஏறாமலிருந்தார் என்பதையும் உடன் நினைத்துக்கொள்ள வேண்டும். எதிரியின் எடை கூடினால் தாடை எலும்பு மட்டுமல்ல, அதில் மோதுகிற விரல் எலும்பும் சோதனைக்கு உள்ளாகிறது.

118 பவுண்டு பாண்டம்வெயிட்டில் அவர் இருந்த காலமே, என் அபிப்பிராயத்தில், அவருடைய பராக்கிரமத்தின் உச்சம். எதிராளிகள் தாக்குப்பிடித்த நேரத்தைப் பாருங்கள்: மெக்டொனெல் ஒரு சுற்று, பயானோ எழுபது விநாடி, இமானுவேல் ரொட்ரிகெஸ் இரண்டு சுற்று. 122-க்கு வந்தபின் கணக்கு மாறுகிறது. ஃபுல்டனுக்கு எட்டு, தபாலெஸுக்குப் பத்து, நெரிக்கு ஆறு, டோஹனிக்கு ஏழு, கார்டெனாஸுக்கு எட்டு, அக்மதாலியேவிடம் பன்னிரண்டும் என்று நீள்கிறது. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 2024 மே மாதம் டோக்கியோ டோமில் லூயிஸ் நெரியின் இடது ஹுக், முதல் சுற்றிலேயே, வாழ்க்கையில் முதல் தடவையாக அவரைத் தரையில் உட்கார வைத்தது. அடுத்த ஆண்டு மே மாதம் லாஸ் வேகாஸில் ரமோன் கார்டெனாஸின் இடது ஹுக் இரண்டாம் சுற்றில் அதையே செய்தது. இரண்டு முறையும் எழுந்து வந்து எதிராளியை முடித்தார் என்பது அவருடைய நெஞ்சுரத்துக்குப் பெருமை. ஆயினும் நான்கு பவுண்டு ஏறியதற்குக் கட்டிய வரி அது என்றே எனக்குத் தோன்றுகிறது.

நான்கு பவுண்டு என்றால் இரண்டு கிலோகூட இல்லையே என்று கேட்கலாம். தராசு சொல்வது பாதிக் கதைதான். இந்தக் காலத்தில் போட்டிக்கு முதல் நாளே எடை பார்த்துவிடுகிறார்கள். வியர்வையை வடித்து, நீரைக் குறைத்து, உதடு வறண்டு, கன்னம் ஒட்டிப்போய்த் தட்டின்மேல் நிற்கிற மனிதர், இறங்கிய கணத்திலிருந்து நீரும் ஆகாரமுமாக இழந்ததை மீட்டுக்கொண்டு, மறுநாள் மாலை பல பவுண்டு கூடிய வேறொரு மனிதராக மேடைக்கு வருகிறார். ஆகவே ஒரு பிரிவின் வரம்பு, பெரிய எலும்புக்கூடு உள்ள ஒருவர் எவ்வளவு தூரம் தம்மைச் சுருக்கிக்கொள்ள முடியும் என்பதன் அளவாகிறது. பிரிவு ஏற ஏறச் சுருங்கி வருகிறவர்களின் எலும்பும் தோளும் பெரிதாகிக்கொண்டே போகும். 165 சென்டிமீட்டர் உயரமுள்ள இனோவேக்குச் சுருங்க வேண்டிய உடம்பு இனி அதிகம் இல்லை. அங்கே காத்திருப்பவர்களுக்கு உண்டு.

இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். இனோவேயின் கண்ணெலும்பை உடைத்த நோனிட்டோ டொனேரே போதும். ஃபிலிப்பைன்ஸில் பிறந்த டொனேர், 2011 பிப்ரவரியில் 118 பவுண்டில் ஃபெர்னாண்டோ மோன்டியேலை இரண்டாம் சுற்றில் சாய்த்த அந்த இடது ஹுக்கைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கீர்த்தி ஏற ஏற அவரும் ஏறினார். 2014-இல் ஃபெதர்வெயிட் பட்டமும் கிடைத்தது. அதே ஆண்டு அக்டோபரில், கலிஃபோர்னியாவின் கார்சன் நகரில், ஜமைக்காவின் நிக்கலஸ் வால்டர்ஸ் எதிரே நின்றார். இரண்டாம் சுற்றின் இறுதியில் டொனேரின் ஹுக் தவறாமல் போய்ச் சேர்ந்தது; வால்டர்ஸ் ஆடினார், ஆனால் விழவில்லை. மூன்றாம் சுற்றில் விழுந்தவர் டொனேர். ஆறாம் சுற்றில் விழுந்தபோது போட்டி முடிந்துவிட்டது. கையும் குத்தும் அவையேதான்; வாங்கிக்கொண்ட உடம்புதான் வேறு.

பின்னர் அவர் செய்த காரியம் அபூர்வமானது. எல்லோரும் ஓய்வுபெறச் சொன்ன வயதில் எட்டு பவுண்டு இறங்கிப் பழைய 118-க்கே திரும்பினார். 2019 நவம்பர் 7-ஆம் தேதி, சைத்தாமா அரங்கில், முப்பத்தேழை நெருங்கிக்கொண்டிருந்த அந்த மனிதர், இரண்டாம் சுற்றில் அதே இடது ஹுக்கால் இனோவேயின் வலக்கண்ணுக்கு மேலே தோலைக் கிழித்தார். கண்குழி எலும்பிலும் மூக்கிலும் முறிவு கண்டது. எதிரே இரண்டு டொனேர்கள் தெரிய, இனோவே தம் வலக்கண்ணைக் கையுறையால் மறைத்து ஒற்றைக் கண்ணால் ஓர் உருவத்தைத் தேர்ந்தெடுத்துக் குத்திய சுற்றுகளும் அப்போட்டியில் உண்டு. ஜயித்தது இனோவே, பதினொன்றாம் சுற்றில் விலாவில் ஒரு குத்து விட்டு டொனேரை முழங்காலிடச் செய்தார். என்றாலும் 126 பவுண்டில் வெறும் ஆட்டமாக முடிந்த அந்த ஹுக், 118 பவுண்டில் எலும்பை முறித்தது என்பது என் மனத்தை விட்டு நீங்குவதில்லை. 2021-இல் முப்பத்தெட்டு வயதில், அதே எடையில், ஊபாலியை வீழ்த்தி டொனேர் மறுபடியும் உலகப் பட்டம் வென்றார்.

இன்னும் பெரிய பெயர் வேண்டுமென்றால் சுகர் ரே ராபின்சன் இருக்கிறார். 1952 ஜூன் 25 இரவு, நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில், மிடில்வெயிட் சாம்பியனான அவர் லைட் ஹெவிவெயிட் சாம்பியன் ஜோயி மாக்சிமை எதிர்த்தபோது, 157½ பவுண்டுக்கு எதிராக 173 பவுண்டு நின்றது. மேடையோரம் வெப்பம் 104 டிகிரி ஃபாரன்ஹீட். பத்தாம் சுற்றுக்குப் பிறகு நடுவரே தளர்ந்துபோய் மாற்றப்பட்டார். எல்லோருடைய கணக்கிலும் ராபின்சனே முன்னணி. ஆனால் மாக்சிம் பிடித்துச் சாய்ந்து தம் பாரத்தை அவர்மேல் ஏற்றிக்கொண்டே இருந்தார். பதின்மூன்றாம் சுற்றில் ராபின்சன் வீசிய ஒரு குத்து இலக்குத் தவற, அதன் வேகத்திலேயே அவர் குப்புற விழுந்தார். பதினான்காம் சுற்றுக்கு நாற்காலியை விட்டு எழவில்லை. வெப்பம் கொன்றது என்பார்கள். அதே வெப்பம் மாக்சிமின் தலையிலும்தான் இறங்கியது.

டெரன்ஸ் கிராஃபோர்டைக் காட்டி என்னை மடக்கலாம். இனோவே நகோயாவில் வென்ற அதே வாரத்தின் முடிவில், லாஸ் வேகாஸில் 154-லிருந்து ஒரே தாவலில் 168 பவுண்டுக்கு ஏறி, கனேலோ அல்வாரெஸைப் புள்ளிகளில் வென்றவர் அவர். நியாயமான ஆட்சேபம்தான். ஆனால் கனேலோவும் 154-லிருந்து மேலே வந்தவர். உயரத்தில் இருவரும் ஏறக்குறைய ஒன்றே. கிராஃபோர்ட் பிரிவு ஏறினாலும் தம்மளவான ஒருவரைத்தான் எதிர்த்தார். இனோவேக்கு அந்த வசதி இல்லை. 2023 டிசம்பரில் 126 பவுண்டுப் பட்டம் ஒன்றை வென்ற மெக்சிகோ வீரர் ராஃபேல் எஸ்பினோசாவின் உயரம் ஆறடி ஓர் அங்குலம். இனோவேயைவிட இருபது சென்டிமீட்டர் கூடுதல். அந்த நெடிய கை ஜாபாக நீளும்போது அதைக் கடந்து உள்ளே புகுவதற்கே மூன்று குத்து வாங்க வேண்டியிருக்கும்.

உள்ளே புகுந்துவிட்டால், அத்தனை உயரமான மனிதரின் ஈரல் இருக்கும் இடம் இனோவேயின் இடக்கைக்கு வெகு சௌகரியமான மட்டத்தில் அமையும் என்ற நப்பாசை எனக்கும் இல்லாமலில்லை. தந்தை ஷிங்கோவிடம் கற்ற அந்தக் குத்துதான் டொனேரை மண்டியிட வைத்தது. ஆகவே என் பேச்சைக் கேளாமல் அவர் ஏறினாலும் நான் கோபித்துக்கொள்ளப்போவதில்லை. டோக்கியோவில் இரவு ஒன்பது என்றால் நமக்கு மாலை ஐந்தரை. அன்று நாலு மணிக்கே மேசையை ஒழித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன்.