யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

படம் பார்ப்பது நமக்குத் தொழிலன்று. விமர்சகர் என்ற விருதுப் பெயரும் நமக்கில்லை. ஓய்வு கிடைத்த மாலைகளிலே, கொட்டகையிலே பாதியும் வீட்டுத் திரையிலே மீதியுமாக, அண்மை ஆண்டுகளிலே வெளிவந்த நகைச்சுவைப் படங்கள் சிலவும், நெஞ்சைப் பிழியும் படங்கள் சிலவும் பார்த்தோம். ஒளிப்பதிவு எத்தகையது, இசை எத்தரத்தது என்று எடைபோட அத்துறை வல்லார் இருக்கின்றனர், அவர்கள் செய்யட்டும். நமக்கு எழுந்த கேள்வி வேறு. கொட்டகை முழுவதும் குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறதே, அந்தச் சிரிப்பின் மறுமுனையிலே நிற்பவன் யார்?

சிரிப்பை அற்பப் பொருளென்று எண்ணிவிடாதீர், தோழர்களே! ஆதிக்கக்காரனிடம் இருக்கும்போது அது சாட்டை; அடிமைப்பட்டவனிடம் வந்து சேரும்போது அது உளி. இரண்டும் ஓசை எழுப்பும். ஓசையைக் கேட்டு மட்டும் எது எதுவென்று சொல்லிவிட முடியாது.

1949ஆம் ஆண்டு, அறிஞர் அண்ணா எழுதிய ‘நல்லதம்பி’ படத்திலே, கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் ‘கிந்தனார்’ கதாகாலட்சேபம் நடத்திக் காட்டினார். நந்தன் தில்லைக்குப் போகத் தவித்தவன். கிந்தன் பட்டணம் போய்ப் படிக்கத் தவித்தவன். நந்தனைத் தீயிலே இறக்கித் ‘தூய’னாக்கிய பிறகே ஏற்றுக்கொண்டது புராணம். கிந்தனை இரயிலிலே ஏற்றிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வைத்தது கலைவாணரின் நகைச்சுவை. கேட்டவர் சிரித்தனர். யாரைப் பார்த்து? கிந்தனைப் பார்த்தல்ல, நந்தனுக்கு நெருப்பு மூட்டிய தருமத்தைப் பார்த்து! பாகவதரின் பாணியையே எடுத்துக்கொண்டு பாகவதரின் பொருளைக் கவிழ்த்த அந்தத் திறமைக்கு ஈடாக இன்றும் நமக்கு வேறொன்று கிடைத்துவிடவில்லை.

பிறகு வந்த காலத்திலே என்ன கண்டோம்? உதை வாங்குவது நகைச்சுவை. கறுத்த நிறம் நகைச்சுவை. பருத்த உடல் நகைச்சுவை. திக்கிப் பேசுவது நகைச்சுவை. கணவனை அதட்டும் மனைவி நகைச்சுவை. மேடையிலே நின்று, ‘கறுப்பு எங்கள் நிறம், உழைப்பின் நிறம்’ என்று முழங்கிவிட்டுக் கீழிறங்கிய அதே இளைஞன், கொட்டகையிலே கறுத்தவனொருவன் காதல் பேசக் கண்டதும் விழுந்து விழுந்து சிரிக்கிறான். அவனை நாம் அறிவோம், அவன் நம்மவனே.

இந்த நினைப்போடு பார்த்ததாலேதான் ‘மண்டேலா’ நம்மை நிமிர்ந்து உட்கார வைத்தது. 2021இலே வந்த படம். மடோன் அசுவின் இயக்கியது. முதற்பட இயக்குநருக்கும் உரையாடலுக்குமாக இரண்டு தேசிய விருதுகள் பெற்றது. எத்தனையோ படங்களிலே தோற்றத்தைச் சொல்லியே கேலிக்கு உள்ளாக்கப்பட்ட யோகிபாபுதான் இதிலே தலைவன். ஊருக்கு முடிதிருத்துபவன். கடை என்று பெயர் சொல்ல ஒரு மரநிழல். வீட்டுக்கு முன்வாசல் வழியாக அவன் வரக்கூடாது, கொல்லைப்புறமாக வரவேண்டும். ஏவிய வேலையெல்லாம் செய்யவேண்டும். கூலி என்று வாய் திறக்கக் கூடாது. அவனுக்குப் பெயர்? ‘இளிச்சவாயன்’! அது பெயரா, ஊரார் அவன்மீது எறிந்த சிரிப்பா? ஊர் முழுவதும் நாள்தோறும் சிரித்துச் சிரித்து, அந்தச் சிரிப்பே அவனுக்குப் பெயராக உறைந்துவிட்டது.

சேமித்த காசு களவு போகிறது. அஞ்சலகத்திலே கணக்குத் தொடங்கலாமென்று போகிறான். பெயர் கேட்கிறார்கள். அவனிடம் இல்லை. அஞ்சலகத்துப் பெண்ணொருத்தி நெல்சன் மண்டேலா என்று பெயர் சூட்டுகிறாள், அட்டைகள் வருகின்றன, வாக்குரிமை வருகிறது. ஊரோ இரண்டு சாதியாகப் பிளந்து, பஞ்சாயத்துத் தேர்தலிலே இருதரப்பும் சரிக்குச் சரியாக நிற்கிறது. வெற்றியைத் தீர்மானிக்கப்போவது அந்த ஒரு வாக்கு! நேற்றுவரை கொல்லைப்புறத்திலே நின்றவனின் குடிசைக்கு முன்னே இன்று இரு தலைவர்களும் போட்டியிட்டுக்கொண்டு வரிசையிலே நிற்கிறார்கள். இப்போதும் கொட்டகை சிரிக்கிறது. ஆனால் சிரிப்பு திசை மாறிவிட்டது.

1929இலே செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னே தொங்கும் சாதிப்பட்டத்தை அறுத்தெறியச் சொல்லிற்று. வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்மானம், ஐயமில்லை. அந்தத் தீர்மானத்தைப் படித்தவர்கள் இந்தப் படத்தையும் பார்க்கவேண்டும். பட்டத்தைத் துறக்க ஒருவனுக்கு முதலிலே பெயரென்று ஒன்று வேண்டுமல்லவா? அதுகூட மறுக்கப்பட்டவன் எதைத் துறப்பான்?

குறையில்லையா படத்திலே? இருக்கிறது. ஊரை ஒன்றாக்க விரும்பிய பெரியவர், இரண்டு சாதியிலும் ஒவ்வொரு பெண்ணை மணந்துகொண்டு சமரசம் தேடுகிறாராம். படம் அவரைப் பரிவோடு பார்த்துப் புன்னகைக்கிறது. சமரசத்துக்குப் பாலமாகப் போடப்பட்ட அந்த இரு பெண்களையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாதியை ஒழிக்கப் புறப்பட்டவர் பெண்ணடிமையின் தோள்மீது ஏறி நின்றுதானா கொடி நாட்டவேண்டும்? மற்றொன்று: சாலையும் பள்ளியும் தண்ணீரும் அந்த ஊருக்கு உரிமையாக வரவில்லை; ஒரு வாக்கைக் காட்டி நடந்த பேரத்திலே வருகின்றன. அடுத்த தேர்தலிலே வாக்கு வேறுபாடு நூறாக இருந்தால் மண்டேலாவின் குடிசைப் பக்கம் யார் வருவார்? இந்தக் கேள்விக்குள்ளே படம் இறங்கவில்லை. எனினும் அந்தக் கேள்வியை நம் வாயிலே வரவழைத்தது படம்தானே!

அதற்கு முந்திய ஆண்டு தீபாவளிக்கு வந்தது ‘மூக்குத்தி அம்மன்’. போலிச்சாமியாரின் பித்தலாட்டத்தைத் தோலுரிக்கிறது; மடத்தின் வாணிபத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது. நல்லது. ஆனால் தோலுரிப்பவர் யார்? அம்மனே! தரகர் கெட்டவர், முதலாளி நல்லவர் என்று முதலாளியே வந்து சாட்சி சொல்வது என்ன வழக்கோ, தெரியவில்லை. 1952இலே ‘பராசக்தி’ பூசாரியின் கொடுமையைக் கூண்டிலே நின்று மனிதன் வாயாலேயே பேசிற்று. எழுபது ஆண்டு தாண்டவில்லை. அதற்குள் பகுத்தறிவுக்குப் பரிந்துபேச அம்மனை அழைத்துவர வேண்டிய நிலை! சிரிப்பு வந்தது, படம் எதிர்பார்த்த இடத்திலே அல்ல.

2024இலே இரா.சரவணன் இயக்கிய ‘நந்தன்’ வந்தது. பெயரைக் கேட்டதும் கிந்தன் நினைவுக்கு வராமலிருப்பானா? தலைமுறை தலைமுறையாகப் போட்டியின்றிப் பதவியிலிருந்த ஆதிக்கக்காரனின் ஊராட்சி, தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்டுவிடுகிறது. தன் பண்ணையிலே நாயினும் கீழாக உழைக்கும் ஒருவனைத் தலைவனாக்குகிறான். அவனுக்கும் ஊரிட்ட பெயர் ஒன்றுண்டு: ‘கூழ்பானை’. பதவி வந்தது, நாற்காலி வரவில்லை. அந்த நாற்காலியைத் தொட்டபோது விழுந்த அடிகளைப் படம் ஒளிக்காமல் காட்டுகிறது.

மிகையென்பார் சிலர். அவர்களுக்கு மேலவளவு தெரியாது போலும். 1996இலே அந்த ஊராட்சி ஒதுக்கப்பட்டது. தலைவராக வென்ற முருகேசனை 1997 சூன் 30இலே பேருந்தை மறித்து வெட்டினார்கள். உடன் வந்தோரையும் வெட்டினார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊர்களிலே 1996 தொடங்கிப் பத்தாண்டுக்காலம் தேர்தலையே நடத்தவிடவில்லை. 2006இலேதான் முறையாக நடந்தது. 73ஆம் திருத்தம் ஏட்டிலே இருந்தது. ஏடு பேசும், ஊர் கேட்கவேண்டுமே!

ஆக, ‘நந்தன்’ சொன்ன செய்தியிலே பொய்யில்லை. சொன்ன முறையிலேதான் நமக்கு வருத்தம். ஒடுக்கப்பட்டவனை இத்தனை அசடாகவா வரைவது? கறையேறிய பல்லும், எதற்கெடுத்தாலும் தலையாட்டலும், எசமானனின் சொல்லே வேதமென்ற பேதைமையும்! முன்பாதி முழுவதும் அவனைப் பார்த்துத்தான் சிரிக்க வைக்கிறார்கள். பின்பாதியிலே அவனுக்காக அழ வைக்கிறார்கள். சிரித்ததும் நாமே, அழுததும் நாமே. அவனை எண்ணிப் பெருமைப்பட மட்டும் இடமே கிடைக்கவில்லை. கிந்தன் குறும்புக்காரன். படிப்புக்காக ஏங்கிய அவனிடம் அறிவு இருந்தது, ஆசை இருந்தது. 75 ஆண்டு கழித்து வந்த நந்தனுக்கு இயக்குநர் அந்த ஆசையைக்கூட வெகுநேரம் கழித்தே கொடுக்கிறார். நல்ல நோக்கத்தோடு எடுத்த படமாயிற்றே என்று வாய்மூடி இருக்கலாம். இருந்தால் அடுத்த படமும் இப்படியே வரும்.

அதே செப்டம்பரிலே வந்த ‘லப்பர் பந்து’ இத்துறையிலே வேறு வழி கண்டது. தமிழரசன் பச்சமுத்துவின் முதற்படம். ஊர்ப்புறத்துப் பந்தாட்டம்; மாமனாகப்போகிறவனுக்கும் மருமகனாகப்போகிறவனுக்கும் ஆடுகளத்திலே மூண்ட சண்டை; பார்ப்பவர் வயிறு குலுங்கக் கதை ஓடுகிறது. திறமையிருந்தும் சாதியால் குழுவிலே சேர்க்கப்படாத அன்பு என்ற இளைஞன் அந்தச் சிரிப்புக்கு நடுவே நிற்கிறான். கூக்குரல் இல்லை, சொற்பொழிவு இல்லை, அவனுக்கு ஏன் இடமில்லை என்பது திரையிலே இருப்பவர் எல்லோருக்கும் தெரியும், கொட்டகையிலே இருப்பவர் எல்லோருக்கும் தெரியும். மனைவிக்கு அஞ்சும் கணவன் என்ற புளித்துப்போன பழஞ்சரக்கும் இதிலுண்டு. ஆனால் அந்த மனைவி யசோதை சாதி கடந்து அவனை நம்பி வந்தவள். வீட்டை மறந்து அவன் பந்துக்குப் பின்னே ஓடும்போது அவள் சினம் கொள்வதிலே நியாயம் இருக்கிறது. எனவே அவளைப் பார்த்து நாம் சிரிப்பதில்லை, அவனைப் பார்த்தே சிரிக்கிறோம். இந்த ஆண்டுகளிலே நாம் பார்த்த நகைச்சுவைகளிலே இதுவே நம் நெஞ்சுக்கு நெருக்கம்.

‘அயோத்தி’ (2023) பற்றி நிறையச் சொல்லவேண்டியதில்லை. இராமேசுவரத்துக்கு வந்த வடநாட்டுக் குடும்பத்திலே தாய் விபத்திலே இறந்துபோக, உடலை ஊருக்கனுப்ப முன்பின் அறியாத ஒருவன் ஓடுகிறான். பிணத்தின் அருகிலேயும் சாத்திரம் பேசும் கணவனைக் காட்டிய துணிவுக்காகவே பாராட்டலாம். ‘டூரிஸ்ட் பேமிலி’ (2025) இலங்கையின் பொருளாதார நெருக்கடிக்குத் தப்பிவந்த தமிழ்க் குடும்பத்தின் கதை. தமிழ்நாட்டிலே தன் தமிழ் வெளியே வந்துவிடக் கூடாதே என்று ஒரு தமிழ்க் குடும்பம் நடுங்குவதைச் சிரிப்பாக்கியிருக்கிறார்கள். சிரித்துவிட்டுச் சற்றே கூச்சப்பட்டோம். தெருவிலே எல்லோரும் நல்லவராகவே இருக்கிறார்கள், வெல்லப்பாகு சற்று அதிகம். 2019இலே வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் ஈழத்தமிழரை ஒதுக்கி வைத்ததே, முகாம்களிலே பிறந்து வளர்ந்தும் குடியுரிமை காணாத தலைமுறை இருக்கிறதே, அவை அந்தத் தெருவுக்குள் நுழையவே இல்லை. மூன்று படங்களிலே, ‘நந்தன்’ உட்பட, சசிகுமாரே நடித்திருக்கிறார் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. நல்ல கதையை நாடும் நடிகர் என்று மகிழ்ந்தோம்.

சிரிப்பே இல்லாத படம் ‘கொட்டுக்காளி’. பி.எஸ்.வினோத்ராஜ் இயக்கியது, 2024இலே பெர்லின் விழாவிலே காட்டப்பட்ட பிறகு இங்கே வந்தது. பின்னணி இசைகூட இல்லை. வேறு சாதி இளைஞனைக் காதலித்த மீனாவுக்குப் பேய் பிடித்துவிட்டதாம். குறிசொல்பவனிடம் அழைத்துப்போகிறது குடும்பம். ஆட்டோவிலே பெண்ணும் பெண்களும் கட்டிய சேவலும். முன்னும் பின்னும் வண்டிகளிலே ஆண்கள். இவ்வளவுதான் கதை. நம் ஏடுகள் நூறு கட்டுரைகளிலே சொன்னதை, ஒரு பாதையும் ஒரு வெயிலும் சொல்லிவிடுகின்றன.

அவள் ஏறக்குறைய வாய் திறப்பதே இல்லை. எங்கோ ஒலித்த பாட்டை உதட்டுக்குள் முணுமுணுக்கிறாள். அவ்வளவுதான், அவளை மணக்க இருக்கும் பாண்டி வெறிகொண்டு அடிக்கிறான். அவளை மட்டுமா? தடுக்க வந்த பெண்களையும்! பேய் யாரைப் பிடித்திருக்கிறது என்று படத்திலே ஒருவரும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய தேவையே வைக்கவில்லை. ஓரிடத்திலே ஆட்டோவைத் திருப்பவேண்டி, அவள் உள்ளே உட்கார்ந்திருக்க, ஆண்கள் கூடித் தூக்கித் திருப்பி வைக்கிறார்கள். இன்னோரிடத்திலே பாதையை மறித்து நிற்கும் காளையின் அருகே போக அத்தனை வீரருக்கும் அச்சம். சிறுமியொருத்தி வந்து சாவதானமாக அழைத்துப்போகிறாள். இங்கே சிரிக்கலாம்! மீசைகளைப் பார்த்துச் சிரிக்கலாம். இயக்குநர் அதைக் கேட்டு வாங்கவில்லை என்பதே அவரது மாண்பு. பாண்டியாக நடித்தவர் சூரி. பல்லாண்டு நம்மைச் சிரிக்கவைத்த முகம். அந்த முகத்தை அச்சந்தரும் முகமாக மாற்றத் துணிந்தவரையும், மாறத் துணிந்தவரையும் வாழ்த்துகிறோம்.

முடிவு சொல்லவில்லையே என்று குறைப்பட்டோர் பலர். குறிசொல்பவனின் இடத்திலே, தங்களுக்கு முன்னே வந்த பெண்ணுக்குச் செய்யப்படும் ‘வைத்திய’த்தைப் பாண்டி தன் கண்ணாலேயே பார்க்கிறான், தன்னுடையவளுக்கும் அதுதானே என்று அவன் நெஞ்சிலே எழும் கேள்வியோடு படம் நின்றுவிடுகிறது. அவ்விடத்திலே நிறுத்தியது சரியென்றே எண்ணுகிறோம். நமது மனக்குறை வேறு. கடைசிக் கேள்வியும் ஆணின் கையிலேயே கொடுக்கப்பட்டிருக்கிறது: திரும்புவதா, போவதா என்று தீர்மானிக்க வேண்டியவன் பாண்டி. ஆட்டோவிலே உட்கார்ந்திருக்கும் மீனா எதை எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்பதைச் சொல்ல, அவள் முகத்தை மட்டுமே தந்திருக்கிறார் இயக்குநர். அந்த முகம் பேசுகிறது, மறுக்கவில்லை. அடுத்த படத்திலே அவள் வாயும் பேசட்டும்.