தெர்மாகோல் வீட்டு மழைநீர்

போன வாரம் என் மகளுக்குப் பள்ளியில் ஒரு ப்ராஜெக்ட். நாலாம் வகுப்பு. தலைப்பு, மழைநீர் சேகரிப்பு. வழக்கம்போல ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்குத்தான் விஷயமே வெளியே வந்தது. கடைக்கு ஓடி தெர்மாகோல் அட்டை, ஸ்ட்ரா, நீல பெயின்ட் வாங்கி வந்தேன். பதினோரு மணிக்கு வீடு ரெடி. மாடியிலிருந்து ஸ்ட்ரா வழியாகத் தண்ணீர் இறங்கும் குழியும் ரெடி. 'ஏ ப்ளஸ்' கிடைத்தது.

மக்காத அட்டையில் சுற்றுச்சூழல் பாடம் என்பது பழைய ஜோக். என்னை உறுத்தியது வேறு. பெயின்ட் காயும்போது அவள் கேட்டாள், "அப்பா, நம்ம மாடித் தண்ணி எங்க போகுது?" எனக்குத் தெரியவில்லை. தமிழ்நாட்டில் 2003-லேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். சென்னையில் இதே அபார்ட்மென்டில் பத்து வருஷமாக இருக்கிறேன்.

பிறகு கொஞ்சம் தேடிப் படித்தேன். 1977-ல் திபிலிசியில் நடந்த யுனெஸ்கோ மாநாடு, சுற்றுச்சூழல் கல்விக்கு ஐந்து நோக்கங்களை வகுத்தது: விழிப்புணர்வு, அறிவு, மனப்பான்மை, திறன், பங்கேற்பு. இந்தியாவில் 1991-ல், எம்.சி. மேத்தா வழக்கில், சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். நல்ல தீர்ப்புதான். ஆனால் நம்ம ஊரில் பாடம் என்றாலே கேள்வி-பதில், மார்க். அந்த ஐந்தில் முதல் இரண்டோடு வண்டி நின்றுவிடுகிறது. எங்கள் தொழிலில் டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகும், ப்ரொடக்‌ஷனில் உடையும். அந்த மாதிரிதான் இது.

குறை பாடப்புத்தகத்தில் மட்டும் இல்லை. 2005 கலைத்திட்டச் சட்டகத்துக்குப் பிறகு வந்த என்.சி.இ.ஆர்.டி.யின் 'லுக்கிங் அரவுண்ட்' புத்தகங்களைப் பாருங்கள். மூன்றாம் வகுப்பின் முதல் பாடமே, உடம்பு சரியில்லாமல் பள்ளிக்குப் போகாத பூனம் என்ற சிறுமி தன்னைச் சுற்றியிருக்கும் பிராணிகளைப் பார்ப்பதாகத்தான் இருந்தது. குழந்தைக்குக் குழந்தை பதில் மாறவேண்டிய கேள்விகள் அவற்றில் நிறைய இருந்தன. ஆனால் 'உன் வீட்டருகே என்னென்ன பறவைகள் உள்ளன?' என்ற கேள்விக்கும் போர்டில் ஒரே பதில் எழுதிப்போட்டு, முப்பது பேரும் அதையே காப்பி பண்ணினால் புத்தகம் என்ன செய்யும்?

ஜூன் 5 விழாவும் அப்படித்தான். 1972 ஸ்டாக்ஹோம் மாநாட்டின் நினைவாக வந்த தேதி அது. சென்னைக்கு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெய்கிறது. ஜூன் வெயிலில் நட்ட கன்றுக்கு மாசக்கணக்கில் யாராவது தண்ணீர் ஊற்றவேண்டும். நடும்போது போட்டோ எடுக்கிறோம். ஊற்றுவது யார் என்று எழுதி வைப்பதில்லை. ஐப்பசியில் ஏன் நடக்கூடாது என்று ஒரு குழந்தை கேட்டால், அதுதான் சுற்றுச்சூழல் பாடம்.

மாற்று வழி பெரிய செலவெல்லாம் இல்லை. 'சீசன்வாட்ச்' என்று ஒரு திட்டம் இருக்கிறது. கேரளப் பள்ளிகள் நிறைய அதில் சேர்ந்திருக்கின்றன. ஒரு மரத்தை எடுத்துக்கொண்டு, தளிர், பூ, காய் இருக்கிறதா, கொஞ்சமா நிறையவா என்று வாராவாரம் குறிக்க வேண்டும். அவ்வளவுதான். பதில் கைடில் கிடைக்காது, மரத்தில்தான் கிடைக்கும். போன வருஷம் எப்போது பூத்தது, இந்த வருஷம் எப்போது என்று கேட்க ஆரம்பித்த குழந்தைக்குப் பருவநிலை பற்றித் தனியாக போஸ்டர் தேவையில்லை.

இதை ஆசிரியர்கள் தலையில் கட்டுவது சுலபம். ஒரே டீச்சர் ரெண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்துப் பார்க்கும் பள்ளிகள் உண்டு. போர்ஷன் முடிக்க வேண்டும். இன்னொரு விழாவைச் சேர்க்காமல், ப்ராஜெக்டுக்கு ஒதுக்கிய நேரத்தையே இதற்குக் கொடுக்கலாம் என்பதுதான் என் கட்சி. ராத்திரி தெர்மாகோல் வெட்டுவது பிள்ளைகள் இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

மறுநாள் சாயங்காலம் நாங்கள் இருவரும் மாடி பைப்பைத் தொடர்ந்து போனோம். பார்க்கிங் மூலையில் இறங்கி, சுவரைத் துளைத்து, நேராகத் தெரு வடிகாலில் முடிகிறது. பக்கத்திலேயே மழைநீர்க் குழியின் மூடி, அதன்மேல் ரெண்டு பைக். அசோசியேஷனில் சொல்லியிருக்கிறேன், மழைக்கு முன்னால் பார்க்கலாம் என்கிறார்கள். அவள் அந்த பைப்பை வளைவு வளைவாகத் தன் நோட்டில் வரைந்து வைத்திருக்கிறாள். அதற்கு மார்க் கிடையாது.