உளுந்தை ஊறவைத்தது யார்?

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் இரண்டு வருடமாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. மொத்தம் ஏழு வரி. திங்கள் தோசை, செவ்வாய் உப்புமா, புதன் இட்லி என்று கிழமைக்கு ஒரு காலை உணவு. பக்கத்திலேயே அன்றைக்கான பாடம். எங்களைப்போல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் குடும்பங்கள் வந்தால் அதைப் படமெடுத்துக்கொண்டு போவார்கள். "எவ்வளவு சிம்பிளா வெச்சிருக்கீங்க!" என்பார்கள். எனக்கும் உள்ளூரப் பெருமைதான்.

போன ஆடியில் ஒரு ஞாயிறு காய்ச்சலில் படுத்தேன். மறுநாள் காலை கணவர் தாளைப் பார்த்தார். தோசை. கதவைத் திறந்தார். மாவு இல்லை. "மாவு எங்க?" என்று கட்டிலருகே வந்து நின்றார். ஞாயிறு காலையே அரிசியும் உளுந்தும் ஊறி, சாயந்திரம் அரைத்து, உப்புப் போட்டுக் கரைத்து வெளியே வைத்திருந்தால்தான் திங்களன்று தோசை. அதெல்லாம் தாளில் இல்லை, என் தலைக்குள் இருந்தது. அன்று எல்லாரும் பிரெட் சாப்பிட்டார்கள்.

ஹோம்ஸ்கூலிங் பெற்றோரிடையே 'வீட்டை எளிமையாக்குவது' ஏறக்குறைய ஒரு நோன்பு மாதிரி ஆகிவிட்டது. பொருளைக் குறை, ஓட்டத்தைக் குறை, சாப்பாட்டை முன்கூட்டியே முடிவுசெய், வீட்டு வேலையையே பாடமாக்கு. 2009-இல் கிம் ஜான் பெய்ன் எழுதிய 'சிம்ப்ளிசிட்டி பேரண்டிங்' நூல் இதை நான்கு கூறுகளாகச் சொன்னது: சுற்றியுள்ள பொருட்கள், அன்றாடத் தாளம், கால அட்டவணை, பெரியவர்களின் கவலைகள் குழந்தைகள் காதில் விழாமல் வடிகட்டுவது. நான் இதைக் கடைப்பிடித்தவள். இன்னும் பாதி கடைப்பிடிப்பவள். எந்தப் பாதி என்பதைத்தான் இங்கே பார்க்கிறேன்.

இந்தத் தேவை எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நாம் என்ன திட்டினாலும், முடிவெடுக்கும் தொல்லையிலிருந்து குடும்பத்தைக் காப்பாற்றும் பெரிய இயந்திரம் பள்ளிக்கூடம். எதை உடுத்துவது என்ற கேள்வியைச் சீருடை முடித்துவிடுகிறது. எப்போது படிப்பது என்பதை மணி முடித்துவிடுகிறது. எதைப் படிப்பது என்பதைப் பாடப்புத்தகம். வேன் வந்து ஏற்றிக்கொண்டு போனால் மாலைவரை அந்தக் கேள்விகள் எதுவும் வீட்டுக்குள் எட்டிப்பார்க்காது. பள்ளியை விட்ட மறுநாளே அத்தனையும் சமையலறை வாசலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே எளிமையாக்கம் வெறும் ஃபேஷன் என்று ஒதுக்கிவிட முடியாது. அது இல்லாமல் முதல் ஆறு மாதத்தைத் தாண்டியவர்கள் எனக்குத் தெரிந்து குறைவு.

அதன் நிறைகளில் முதலாவது, நேரம். இங்கிலாந்தின் ஆம்பிள்சைடில் ஆசிரியைப் பயிற்சிப் பள்ளி நடத்திய சார்லட் மேசன், 19-ஆம் நூற்றாண்டிலேயே சின்னக் குழந்தைகளுக்கு ஒரு பாடம் இருபது நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது என்று வைத்திருந்தார். வருகைப் பதிவும், வரிசையும், நாற்பது நோட்டுத் திருத்தமும் இல்லாத இடத்தில் முறையான பாடம் முற்பகலுக்குள் முடிந்துவிடுகிறது. மிச்சப் பகல் குழந்தையுடையது. இதில் மிகை எதுவும் கிடையாது, எங்கள் வீட்டில் கண்ணால் பார்த்தது.

இரண்டாவது நிறை, பயத்தைக் குறைப்பது. எனக்கு இதுதான் பெரிது. தொடக்கத்தில் எட்டு வயது மகளுக்கு இரண்டு வாரியத்தின் பாடப்புத்தகங்கள், ஒரு ஆன்லைன் பாடத்திட்டம், அபாகஸ், இந்தி, சிலம்பம் எல்லாம் வைத்திருந்தேன். பின்தங்கிவிடுவாளோ என்ற பயம் பாடமாக மாறி மேசைமேல் குவிந்திருந்தது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின், அதாவது என்.ஐ.ஓ.எஸ்.-இன், விதிகளை உட்கார்ந்து படித்த பிறகுதான் மூச்சு வந்தது. 14 வயது நிரம்பினால் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பதிவு செய்யலாம். தேர்ச்சிக்கு ஐந்து பாடம். ஒரு பதிவு ஐந்து வருடம் செல்லும். அதற்குள் ஒவ்வொரு பாடமாக எழுதி முடிக்கலாம், தவறினால் திரும்ப எழுதலாம். ஓவியத்தையும் மனையியலையும்கூட பாடமாக எடுக்க வழி உண்டு. வாசல் இவ்வளவு அகலம் என்று தெரிந்தபின் எட்டு வயதில் முட்டிமோத என்ன அவசியம்? அந்த வாரமே மேசையில் பாதி காலி. நல்ல எளிமையாக்கம் இப்படித்தான் ஒரு தகவலிலிருந்து வந்தது, அலமாரியைக் காலிசெய்ததிலிருந்து அல்ல.

அலமாரி விஷயத்தில் நான் பட்டது தனிக்கதை. வீட்டில் பொருள் குறைந்தால் மனம் அமைதியாகும் என்பதை நம்பி, ஒரு கோடையில் பரணைக் காலிசெய்து பழைய இரும்புக் கடைக்காரரிடம் போட்டேன். போனவற்றில் ஓடாத மிக்ஸி ஒன்று. மகன் அதைக் கழற்றி, செப்புக் கம்பிச் சுருளையும் இரண்டு கார்பன் துண்டுகளையும் ஒரு டப்பாவில் எடுத்துவைத்திருந்தான், மோட்டாரை வைத்து ஏதோ செய்வதாக இருந்தானாம். எனக்குக் குப்பை, அவனுக்கு அது மூன்று மாத ஆராய்ச்சி. இரண்டு நாள் பேசவில்லை. நியாயம்தான்.

கையால் செய்து கற்பதும் வெறிச்சோடிய வீடும் ஒத்துப்போகாது. ஐ.ஐ.டி. கான்பூரில் படித்துவிட்டு, 1972-இல் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் திட்டத்தின் தாக்கத்தில் பொம்மை செய்யக் கிளம்பிய அர்விந்த் குப்தாவின் மூலதனமே தூக்கி எறியும் சாமான்தான். சைக்கிள் வால்வு டியூபை வெட்டித் தீக்குச்சிகளை இணைத்தால் சதுரம் ஆடும், முக்கோணம் அசையாது. பாலத்துக்கும் கூரைக்கும் ஏன் முக்கோணச் சட்டம் என்பதை அதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் என் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. இதற்கு மாறாக, 'குறைவாக, ஆனால் தரமாக' என்ற பெயரில் மூன்றாயிரம் ரூபாய் மரப்பொம்மை வாங்குகிறோம். ஒழுங்கு வைப்பதற்கே உலகப்புகழ் பெற்ற மரி கோண்டோ, மூன்று பிள்ளைகள் பிறந்தபின் வீட்டை அப்படி வைத்திருப்பதை ஓரளவு கைவிட்டதாக 2023-இல் சொன்னபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியை எழுதினால் அற்பமாகத் தெரியும். எழுதிவிட்டேன்.

வாங்க வசதியிருப்பவர் வாங்காமல் இருப்பதுதான் இந்த எளிமை என்பதையும் ஒரு வரியில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒற்றை அறையில் ஐந்து பேர் இருக்கும் வீட்டில் போய் இதைப் போதிக்க முடியாது.

இன்னொரு குறை வெளியே எளிதில் தெரியாது: வீட்டு வேலையையே பாடமாக்குவது. கேட்க அழகாக இருக்கும். இட்லிக்கு நாலுக்கு ஒன்று அரிசி உளுந்து, அது விகிதம். மாவு பொங்குவது நுண்ணுயிரி. ஆற வைத்தால் வெப்பம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் விழுகிறதே என்று நானும் இரண்டு வருடம் எறிந்துகொண்டிருந்தேன். ஒருநாள் மகளை அரிசி அளக்கக் கூப்பிட்டேன். உழக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "அம்மா, இது சமையலா, ரேஷியோவா? சமையல்னா செய்யறேன். ரேஷியோன்னா நாளைக்கு." பள்ளிப் பிள்ளைக்குக்கூட மணி அடித்தால் பாடம் முடிந்துவிடும். எங்கள் வீட்டில் மணியே இல்லாததால் பாடம் முடிவதே இல்லை; தண்ணீர் குடிக்கப் போனால் ஆவியாதல் துரத்துகிறது. இரண்டு வேலையை ஒன்றாக்கியதில் எனக்கு நேரம் மிஞ்சியது உண்மை. அவளுக்கு வெறும் சமையல் என்ற ஒன்று வீட்டில் இல்லாமல் போனதும் உண்மை.

இனி உளுந்துக்கு வருகிறேன். வீட்டுக்கல்வியில் அதிகம் வாசிக்கப்படும் இரண்டு பேர் சார்லட் மேசனும், 1977-இல் 'குரோயிங் விதவுட் ஸ்கூலிங்' இதழைத் தொடங்கிய அமெரிக்கரான ஜான் ஹோல்ட்டும். குழந்தை எப்படிக் கற்கிறது என்று இருவரும் சொன்னதை இன்றும் மதிக்கிறேன். இருவருமே மணமாகாதவர்கள், பிள்ளை இல்லாதவர்கள். அதனால் அவர்கள் சொன்னது பொய்யாகிவிடாது. ஆனால் பிள்ளை வண்ணத்துப்பூச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அடுப்பில் பாலை யார் பார்ப்பது என்பது அவர்கள் கவலையாக இருந்திருக்க வாய்ப்பில்லை. மேசனின் பாடத்திட்டத்தைத் தபாலில் வாங்கிய பல வீடுகளில் அதை நடத்தச் சம்பளத்துக்கு ஓர் ஆசிரியை இருந்தாள்.

ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற வரலாற்றாசிரியர் 1983-இல் 'மோர் வர்க் ஃபார் மதர்' என்ற நூலில் அமெரிக்க வீடுகளைப் பற்றிக் காட்டியது இது: புதிய அடுப்பும் ஆலை மாவும் வந்தபோது விறகு வெட்டும் ஆணின் வேலையும் குழந்தைகளின் வேலையும் குறைந்தன, தாயின் வேலை குறையவில்லை. எளிமையாக்கத்தை இந்தக் கண்ணோடு பார்த்தால் எங்கள் ஃபிரிட்ஜ் தாள் புரிகிறது. அது வேலையைக் குறைக்கவில்லை, வேலையைப் பார்வையிலிருந்து மறைத்தது. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97. அந்த 299-க்கு மேல் பள்ளிக்கூடம் ஒன்றையும் தூக்கி வைத்துவிட்டு, 'ஏழு வரியில் முடித்துவிட்டேன்' என்று பெருமைப்பட்டவள் நான். கணவரைக் குறை சொல்லவும் வழியில்லை. அவர் தாளில் இருந்ததைத்தான் செய்ய வந்தார்.

காய்ச்சல் விட்டபின் பழைய தாளைக் கிழித்துவிட்டு நால்வரும் உட்கார்ந்து புதிதாக எழுதினோம். கையெழுத்து கணவருடையது. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஊறப்போடுவது, உளுந்து தீரப்போகிறதா என்று வியாழன் பார்ப்பது, கேஸ் புக் பண்ணுவது, நூலகப் புத்தகத் தேதி எல்லாம் ஏறின. எந்த வேலைக்கு யார் என்ற பெயரும். சாயந்திரம் நான்கிலிருந்து ஆறுவரை எதையும் யாருக்கும் விளக்கக் கூடாது என்பது மகளின் திருத்தம், ஒருமனதாக நிறைவேறியது. முதல் மாதம் இரண்டு முறை மாவு புளித்தது, ஒரு முறை உப்பே இல்லை. ஏழு வரி இப்போது 23. வீட்டுக்கு வருபவர்கள் யாரும் இதைப் படமெடுப்பதில்லை.

நேற்று பார்த்தேன், அடியில் பென்சிலில் இன்னொரு வரி சேர்ந்திருக்கிறது: "கிரைண்டர் கழுவியாச்சு. கழுவினது தம்பி இல்லை, நான்."